கடைசி வரியில் கண் கலங்கியவர்

“அப்பாவும் பொண்ணும் சேர்ந்து படிச்சீங்களா? புத்தகம் எப்படி இருந்துச்சு?”

நூலகர் அம்மாள் சிரித்த முகத்தோடுதான் கேட்டார். லிஃப்ட் மெக்கானிக் மகளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். வீட்டில் குழந்தையோடு உட்கார்ந்து படிக்கச் சொல்லி நூலகம் கொடுத்தனுப்பிய புத்தகம் அது. வாரம் முழுக்க மகள் அதைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே அலைந்தாள். லிஃப்ட் பாதியில் நின்றுபோய் அலறுகிறவர்களுக்குச் சொல்லும் “நாளைக்குப் பார்க்கலாம்” என்ற பதிலையே அவளுக்கும் சொல்லிச் சொல்லி, நூலகத்தில் எல்லோரும் கூடிப் பேசும் சனிக்கிழமை வந்துவிட்டது.

சுற்றிலும் பிள்ளைகளோடு மற்ற பெற்றோர்கள். ‘படிக்கவில்லை’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். மானம் என்ன ஆவது?

“பிரமாதம் மேடம். என்ன நடை, என்ன நடை!”

மடியிலிருந்த மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

எதிரே இருந்த பல் டாக்டர் அம்மாள் விடவில்லை. “எனக்கும் அது ரொம்பப் பிடிக்கும். உங்க மனசைத் தொட்ட வரி எது?”

“கடைசி வரிதாங்க. கண்ணு கலங்கிடுச்சு.”

“கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன்.”

“கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேனே.”

“அதனால என்ன, என்னோடதைப் போட்டுக்குங்க.”

பிறந்ததிலிருந்து கண்ணாடியே போடாதவர் போட்டுக்கொண்டார். தலை சுற்றியது.

“தொண்டை வேற கட்டியிருக்கு” என்று இருமினார். யாரோ ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்தார். குடித்துத் தொலைத்தார்.

“என் பொண்ணே வாசிப்பா. தினம் ராத்திரி நான் வாசிச்சு வாசிச்சு அவளுக்கு மனப்பாடம்.” தன் தலை தப்பினால் போதும் என்று பெற்ற பிள்ளையை மாட்டிவிட்டார்.

மகள் புத்தகத்தைத் திறந்தாள். அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் உதட்டைக் கடித்தாள். பிறகு கடைசிப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே விரித்து, காதோடு சொன்னாள்.

“இதுல எழுத்தே இல்லப்பா. எல்லாம் படம்தான். கதையை நாமளேதான் சொல்லிக்கணும். அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்.”

காதோடு சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. மற்றவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்; இனி இவள் முகத்தில் எப்படி விழிப்பது?

“மன்னிச்சிரும்மா. அப்பா அதைத் திறக்கவே இல்ல.”

யாருமே சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் தலை நிமிராமல் நீட்டினார். பல் டாக்டர் அம்மாள் அதை வாங்கிக்கொண்டு மெல்லச் சொன்னார்.

“விடுங்க சார். புதுசா வர்ற எல்லாருக்கும் இங்க முதல்ல அந்தப் புத்தகத்தைத்தான் குடுப்பாங்க. நானாவது பரவாயில்ல, மூணாவது பக்கத்தைப் பாட்டா பாடினதோட சரி. அதோ, வெந்நீர் கொண்டுவந்தாரே, அவரு எழுத்துப்பிழை ஜாஸ்தின்னு சண்டையே போட்டாரு.”