வேப் குப்பி வைத்தியர்

மனித இனத்தில் குப்பி வைத்தியர் என்று ஒரு வகை உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் மோப்பம் பிடித்திருப்பீர்கள். ஈரமான பேருந்து நிறுத்தத்தில், முன்னால் நிற்கும் பெரியவரின் தோளுக்கு மேலே எலுமிச்சை மிட்டாய் மணத்தோடு ஒரு வெள்ளை மேகம் எழும்பும். மேகம் கலைந்ததும் அவர் தன் மின்சிகரெட்டை, அதாவது வேப்பை, வாயிலிருந்து எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குழந்தையின் தொண்டையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் தாயைப் போல உள்ளே பார்ப்பார். அவர்தான்.

சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறியவர்கள் வட இங்கிலாந்தில் எங்கள் லங்காஷயரில் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்கள் எல்லாரும் இந்த வகையைச் சேர்ந்தவர்கள் அல்ல. சாதாரண மனிதர் என்ன செய்வார்? வேப்பின் தலையில் செருகும் சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் திரவத்தை ஊற்றுவார், இழுப்பார், தீர்ந்தால் மறுபடி ஊற்றுவார், ஓரிரு வாரத்தில் குப்பிக்குள் இருக்கும் பஞ்சு கறுத்து, நாக்கில் தீய்ந்த ரொட்டியின் ருசி தட்டியதும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் குப்பியைச் செருகுவார். கதை முடிந்தது.

குப்பி வைத்தியருக்குக் கதை அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் பௌல்ஸ் கிளப்பில் லயனல் இருக்கிறார். பௌல்ஸ் என்றால் புல்தரையில் கனத்த பந்தை உருட்டிச் சின்னப் பந்துக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தும் ஆட்டம். முழங்கால் போனவர்களும் முதுகு போனவர்களும் மழையில் நின்று ஆடுவது. லயனல் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்துக் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர். கொதிகலனையும் மாற்ற விட்டதில்லை என்று கேள்வி. அவரிடம் போய், இந்தக் குப்பி கசக்கிறது, தூக்கிப் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

"தூக்கிப் போடறதா? அதுக்கு என்ன வயசாச்சுன்னு தூக்கிப் போடற? இப்பத்தான் பதத்துக்கு வந்திருக்கு."

பிறகு தன் காதருகே வைத்து உங்களை இழுக்கச் சொல்வார். குப்பி கொடகொடவென்று சத்தம் போடுகிறதா? சளி. வெறும் காற்று வருகிறதா? மூக்கடைப்பு. கசிகிறதா? அதை நான் சொல்ல வேண்டாம், வயதானவர்களுக்கு வருவதுதான். நர்ஸாக வேலை பார்த்த காலத்தில் நானும் எத்தனையோ நெஞ்சுகளுக்குக் காது கொடுத்திருக்கிறேன். இவ்வளவு சிரத்தையாக எந்த நெஞ்சையும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அடுத்து, சட்டைப் பையிலிருந்து காது குடையும் பஞ்சுக்குச்சி வரும். அதைக் குப்பியின் நடுக்குழாயில் விட்டுத் துடைப்பார், அடியில் இருக்கும் உலோகப் பொட்டுகளைத் துடைப்பார், ரப்பர் மூடியைத் திறந்து ஓரம் துடைப்பார், காகிதத்தில் தட்டுவார், ஊதுவார், மறுபடி தட்டுவார். இத்தனையும் செய்யும்போது அவருடைய காது கேட்கும் கருவியின் குழாய் மெழுகால் அடைத்துக் கிடக்கும். வலதுகாதில் நீங்கள் சொல்வது எதுவும் ஏறாது. அந்தப் பஞ்சுக்குச்சி ஒரு தடவை, ஒரே தடவை, கொஞ்சம் மேலே போகக் கூடாதா? போகாது. அது குப்பிக்கு உரியது.

அவருக்குச் சட்டங்கள் உண்டு. புதுக் குப்பியில் திரவம் ஊற்றினால் பஞ்சு ஊறும்வரை பத்து நிமிடம் தொடக் கூடாது. உறிஞ்சக் கூடாது, மெதுவாக இழுக்க வேண்டும். திரவத்தோடு படுக்க வைக்கக் கூடாது, நிமிர்த்தி வைக்க வேண்டும். கால்வாசிக்குக் கீழே வற்ற விடக் கூடாது. இனிப்பு ருசி பஞ்சைச் சீக்கிரம் கருக்கும் என்பதால் கஸ்டர்ட் ருசிக்காரர்களை ஒழுக்கம் கெட்டவர்களாகப் பார்ப்பார். நியாயமாகச் சொன்னால், இவை எல்லாம் சரியான சட்டங்கள்தான். இந்த வகை மனிதர்களிடம் இருக்கும் தொல்லையே அதுதான். அவர்கள் சொல்வது சரியாக இருந்து தொலைக்கும்.

வாழ்ந்து முடித்த குப்பிகளுக்கு வைத்தியர் வெந்நீர்க் குளியல் போடுவார். குளித்த குப்பி காய வேண்டும். எங்கே காயும்? இந்த ஊரில் காக்கையே காய்ந்து நான் பார்த்ததில்லை. ஆகவே வீட்டில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் சூடான அலமாரியில், துண்டுகளையும் படுக்கை விரிப்புகளையும் நகர்த்திவிட்டு, குப்பிகள் வரிசையாகப் படுத்திருக்கும். அவர் மனைவி மாரீன் தன் உள்ளாடைகளை அவற்றுக்குக் கீழ்த்தட்டில் வைத்துக்கொள்கிறாள்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ வாசல்ல நின்னு 'டீ வேணுமா'ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். அதுங்க ஈரமா இருந்தா மட்டும் மணிக்கொரு தடவை போய்த் திருப்பிப் போடறாரு" என்றாள் ஒருநாள்.

"படுக்கைப் புண் வராம இருக்கத்தான்" என்றேன். மாரீன் சிரிக்கவில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் இந்த வகையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் குப்பி வைத்தியருக்குத் தன் குப்பி போதாது. உங்கள் குப்பியும் வேண்டும்.

போன கோடையில் கோப்பைக்கான இறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் அணியின் நம்பிக்கை மால்கம். பந்தை அவரைப் போல உருட்ட ஆள் இல்லை. வலது முழங்கால்தான் போய்விட்டது. மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிற மனிதர். முழங்கால் மாற்றும் அறுவை சிகிச்சைக்கு ஒரு வருடத்துக்கு மேல் வரிசையில் காத்திருந்து, கடைசியில் கூப்பிட்டிருந்தார்கள். ஒரே நிபந்தனை: சிகரெட் தொடக் கூடாது. ஆட்டத்துக்கு மறுநாள், திங்கள் காலையில், அவர் மருத்துவமனைக்குப் போய் ஒரு கருவியில் ஊத வேண்டும். வேப் இழுப்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. சிகரெட் புகை தெரிந்துவிடும். தெரிந்தால் மால்கம் வரிசையின் வாலுக்குப் போவார். பள்ளிக்கூட நாளிலிருந்து ஊதித் தள்ளிய மனிதரைச் சிகரெட்டிலிருந்து பிரித்துவைத்திருந்தது அந்த வேப் ஒன்றுதான். அவர் ஒன்றைப் பற்றவைத்தால் பாக்கெட் காலியாகும்வரை நிறுத்த மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். லயனலுக்கும் தெரியும்.

சனிக்கிழமை பயிற்சி முடிந்து இருட்டும் நேரத்தில் லயனல் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவோடு ஆள் ஆளாக வந்தார்.

"நாளைக்குக் கோப்பை. இந்தக் கறுத்துப்போன பஞ்சை வச்சுக்கிட்டா ஆடப் போறீங்க? கழட்டுங்க. காலையில பளபளன்னு கையில இருக்கும்."

எல்லாரும் கழற்றிக் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் ஒருவர் உதவி செய்ய வந்தால் வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் இல்லை. சூப்பில் ஈ கிடந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள். அதோடு ஒவ்வொருவரும் ஒரே கணக்குப் போட்டார்கள்: அவசரமென்றால் பக்கத்து ஆளிடம் ஒரு இழுப்பு வாங்கிக்கொள்ளலாம். பக்கத்து ஆளும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தார். லயனலின் சிபாரிசில் அத்தனை பேரும் ஒரே மாதிரி வேப் வாங்கியிருந்ததால், டப்பாவில் எல்லாம் அழகாக அடங்கின.

ஞாயிறு மதியம் தேநீர் போடுவது என் முறை. கெண்டியில் தண்ணீர் கொதிக்கும் முன்பே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. அணி முழுவதும் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, தாய்ப்பால் மறக்கடித்த குழந்தைகளைப் போல உதட்டைச் சப்பிக்கொண்டிருந்தது. அணித் தலைவர் க்ளைவ் வெறும் வேப்பை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். லயனல் டப்பாவோடு வந்தார். டப்பாவுக்குள் பாத்திரம் துடைக்கும் துண்டு, துண்டின் மேல் குப்பிகள், குப்பிகளின் மேல் இன்னொரு துண்டு.

"கோடையாச்சேன்னு மாரீன் கொதிகலனை அணைச்சுட்டா" என்றார். "ராத்திரி பூரா மழை வேற. இன்னும் காயல."

"எப்பக் காயும்?" என்றார் மால்கம்.

"நாளைக்கு மத்தியானம்."

க்ளைவ் பொறுக்கவில்லை. ஒன்றை எடுத்து ஈரத்தோடு திரவத்தை ஊற்றி, செருகி, இழுத்தார். ஈரப் பஞ்சு புகையைக் கொடுக்காது, வெந்நீரைத்தான் துப்பும். நாக்கை நீட்டிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். "நான்தான் சொன்னேனே" என்றார் லயனல். இதுவும் சரிதான்.

எதிரணித் தலைவர் நல்ல மனிதர் என்று சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாரோ என்னவோ, நேராக மால்கமிடம் வந்து சிகரெட் பாக்கெட்டைத் திறந்து நீட்டினார். மால்கமின் கை போய் ஒன்றை எடுத்தது. பற்றவைக்கவில்லை. காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

"அது எதுக்கு?" என்றேன்.

"சும்மா, கண்ணு. மணத்துக்கு."

நான் தேநீரை அப்படியே விட்டுவிட்டு, கடைத்தெரு மூலையில் இருக்கும் வேப் கடைக்குப் போய், இவர்கள் வேப்புக்குப் பொருந்துகிற புதுக் குப்பிகள் நாலைந்து பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தேன். இதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. கடை திறந்திருந்தது. யாருக்கும் போகத் தோன்றவில்லை, காரணம் லயனலின் முகம். புதுக் குப்பி வாங்குவது என்றால் அவர் இருக்கும்போதே இன்னொரு வைத்தியரைக் கூட்டி வருகிற மாதிரி.

நான் திரும்பி வந்தபோது சிகரெட் காதிலிருந்து உதட்டுக்கு வந்திருந்தது. எதிரணித் தலைவரின் லைட்டர் மால்கமின் கையில். மால்கமின் வேப்பில் புதுக் குப்பியைச் செருகி, திரவத்தை ஊற்றி நீட்டினேன். அவர் கை நீட்டும் முன் நடுவில் இன்னொரு கை வந்தது.

"இப்ப இழுத்துடாதே மால்கம். பஞ்சு இன்னும் ஊறல. பத்து நிமிஷம்."

பெஞ்சு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

என்ன செய்வது? அவர் சொன்னது சரி. காய்ந்த பஞ்சை இழுத்தால் முதல் இழுப்பிலேயே கருகிவிடும், மால்கம் அதைத் துப்பிவிட்டு லைட்டரைத் தட்டுவார். சிகரெட்டை விட்டவர்கள் பக்கத்தில் நான் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். அந்த வெறி அலை போல வரும், சில நிமிடத்தில் இறங்கிவிடும். அதுவரை வாய்க்கு வேறு வேலை கொடுத்தால் போதும். சூயிங்கம் கொடுப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். என்னிடம் அப்போது இருந்தது லயனல்தான்.

"பத்து நிமிஷம் இருக்கு. யாருக்காவது லயனல்கிட்ட ஏதாவது சொல்லணும்னா இப்பச் சொல்லிடுங்க" என்றேன்.

முதலில் கொஞ்சம் தயக்கம். மரியாதை தெரிந்தவர்கள். பிறகு க்ளைவ் வெந்த நாக்கோடு ஆரம்பித்தார்.

"நீ என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனா வந்திருந்தா, மோதிரத்தைக் கழுவிக் காயப்போட்டுட்டு வந்திருப்ப."

"பெட்ரோல் தீந்தா இவன் காரைப் பிழிஞ்சு பாப்பான்" என்றது பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு குரல்.

மால்கம் எழுந்து நின்றார். ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு, சிகரெட் உதட்டில் தொங்க, விரலை நீட்டினார்.

"பதினஞ்சு வயசுல என் சைக்கிளைச் சரிபண்ணித் தரேன்னு கொண்டுபோனியேடா. அது எங்கேடா? அன்னிக்கிலேருந்து நடந்து நடந்துதாண்டா எனக்கு இந்த முழங்காலே போச்சு."

லயனல் காதுக் கருவியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "அதுக்குச் செயின் மட்டும்தான் பாக்கி."

அவ்வளவுதான். பெஞ்சு குலுங்கியது. எதிரணியும் சேர்ந்துகொண்டது. மால்கம் சிரித்ததில் வாயிலிருந்த சிகரெட் நழுவி, க்ளைவ் கையில் வைத்திருந்த தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது. க்ளைவ் வேறு கோப்பை கேட்டார். நான் லைட்டரை வாங்கி அதன் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டேன். கோப்பைக்குள் கிடந்ததை யாரும் தேடவில்லை. பத்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. அதையும் லயனல்தான் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"மெதுவா இழு" என்றார். மால்கம் மெதுவாக இழுத்தார்.

வெற்றிக் கோப்பையை எதிரணி கொண்டுபோனது. லயனல் மேல் பழி போட முடியாது. அவர்கள் எங்களைவிட நன்றாக ஆடினார்கள். திங்கள் காலை மால்கமைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். ஊதினார். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. இப்போது புது முழங்காலோடு படியில் நின்றபடியே இறங்குகிறார், கொஞ்சம் திமிராகவே.

லயனல் திருந்தினாரா என்று கேட்பீர்கள். ஏன் திருந்த வேண்டும்? அவர் பார்வையில், தன் பத்து நிமிடச் சட்டம்தான் மால்கமின் முழங்காலைக் காப்பாற்றியது. கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறார். மறுக்கவும் முடியவில்லை. முன்னைவிட அதிகமாகக் குப்பிகள் இப்போது அவரிடம் வைத்தியத்துக்கு வருகின்றன. நீட்டிய உடனே கொடுக்கிறார்கள், முணுமுணுப்பதே இல்லை, "நிதானமாக் கழுவு லயனல், அவசரமே இல்ல" என்று தோளில் தட்டுகிறார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. நான் கிளப்பில் தேநீர் போடுகிறவள் ஆகையால் எனக்குத் தெரியும்: ஒவ்வொருவரிடமும் புதுக் குப்பி ஒன்று இருக்கிறது. தொப்பி உள்மடிப்பில், காலுறையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டில். மால்கமுடையது பிஸ்கட் டின்னில்.

ஆகவே, ஐயா, அம்மா, ஒன்று கேட்கிறேன். நீங்கள் வேப் பிடிக்காதவராக இருக்கலாம். ஆனால் பிரஷர் குக்கரின் தளர்ந்துபோன கேஸ்கெட்டை ஃப்ரீஸரில் வைத்து இன்னொரு மாதம் ஓட்டுகிறவர் உங்கள் வீட்டில் யார்? அறுந்த செருப்பு, கத்தி மழுங்கிய மிக்சி ஜாடி, உயிர் போன டார்ச் லைட், யாருடையதாக இருந்தாலும், "கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாங்கி வைத்துக்கொள்கிறவர் யார்? நீங்கள்தானா? உங்கள் மருமகள் மறுபேச்சுப் பேசாமல் சிரித்த முகமாகக் கொடுத்துவிட்டுப் போகிறாளா? உங்கள் கைராசியை எண்ணி மனம் குளிருங்கள், தப்பில்லை. அவளுடைய அலமாரியின் மேல்தட்டை மட்டும் பார்த்துவிடாதீர்கள்.