மாப்பிள்ளையின் மீன்தொட்டியில் நான் கை வைத்த விவரம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் மகளும் மாற்றலாகிப் போன இடத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் மீன்கள் ஒன்பதும் நலம். ஒன்பது என்று துணிந்து எழுதுகிறேன். நடுவில் இரண்டு நாள் அப்படி எழுதியிருக்க முடியாது.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. "சாப்பிட்டீங்களா", "வெயில் ஜாஸ்தி" என்பதைத் தாண்டி நாம் பேசியதும் இல்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் நடுவில் நீங்கள் கேள்வி கேட்பீர்கள். கடிதத்தில் அந்த ஆபத்து இல்லை.

மூன்று மாதம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அந்த இரண்டடித் தொட்டியை எங்கள் கூடத்தில் வைத்துவிட்டுப் போனீர்கள். கண்ணாடியில் ஒரு சீட்டும் ஒட்டியிருந்தீர்கள். விளக்கு ஆறு மணி நேரம், தீனி ஒரு வேளை, வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும், வேறு எதையும் தொட வேண்டாம். கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு. நான் மூன்று வாரம் தொடவில்லை. அதற்குள் அந்த நாடா மாதிரிப் புல் முன்பக்கம் முழுக்க வளர்ந்து, மேலே போய், மடங்கி, திரைச்சீலை போட்டதுபோல் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. பின்னால் இருந்த குட்டைச் செடிகள் வெளிச்சம் இல்லாமல் வெளுத்துப்போயின. நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் வரைபடம் போட்டவன் நான். உயரமானவர்களை முன்னால் நிற்கவைத்து யாராவது குரூப் போட்டோ எடுப்பார்களா? கட்டத்தாளை எடுத்து, உயரமானது பின்னால், நடுத்தரம் பக்கவாட்டில், குட்டை முன்னால் என்று அளவு பிசகாமல் ஒரு திட்டம் போட்டேன். உங்கள் அத்தை எட்டிப் பார்த்தாள்.

"தொட வேண்டாம்னு மாப்பிள்ளை எழுதியிருக்காரே?"

"அது பொதுவா சொன்னது," என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரே ஒரு புல்லைத்தான் இழுத்தேன் மாப்பிள்ளை, சத்தியமாக ஒன்றுதான். அது மண்ணுக்கடியில் பக்கத்துப் புல்லோடு வேரால் கைகோத்திருக்கிறது, அது அதற்கடுத்ததோடு, இப்படியே பதினாலு புல் ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மேலே மணலும் கீழே உரமண்ணும் போட்டிருக்கிறீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது, ஏனென்றால் கீழே இருந்தது முழுக்க மேலே வந்துவிட்டது. தண்ணீர் பால் ஊற்றாத காபியாகிவிட்டது. உள்ளே விட்ட என் கையே எனக்குத் தெரியவில்லை. சரி, தொட்டது தொட்டாகிவிட்டது, பாதியில் விடுவானேன் என்று மற்ற செடிகளையும், பஞ்சுப்பொதி மாதிரி அடர்ந்திருந்த பாசியையும் தடவித் தடவி எடுத்து, ஒரு வாளியில் தொட்டித் தண்ணீர் ஊற்றிப் போட்டேன். சாயங்காலம் கொஞ்சம் தெளிந்ததும் மீனை எண்ணினேன். எட்டு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினேன். எட்டேதான். சோபாவை நகர்த்தி, மிதியடியை உதறி, கடைசியில் என் சட்டைப் பையையும் பார்த்தேன்.

மறுநாள் நடுகிற வேலை. ஒன்றை நட்டுவிட்டு அடுத்ததை எடுத்தால் முன்னது மேலே வந்து மிதக்கிறது. நானும் விடவில்லை. உங்கள் அத்தை கூடமாட ஒத்தாசையாக இருந்தாள். வியாழக்கிழமை பாசியை அலசலாம் என்று அவள் வாளியிலிருந்து தூக்கியபோது, "ஏங்க, இது கண்ணைச் சிமிட்டுது," என்றாள். மீன் கண்ணைச் சிமிட்டாது என்று விளக்கிக்கொண்டே ஓடினேன். ஒன்பதாவது மீன், இரண்டு நாளாகப் பாசிக்குள் குடித்தனம் நடத்தியிருக்கிறது. தொட்டியில் விட்டதும் ஒன்றும் நடக்காததுபோல் தீனி கேட்டது.

ஆனால் அடுத்த வாரம் இலையெல்லாம் கண்ணாடிபோல் வெளிறிக் கரைய ஆரம்பித்தது. அந்தக் கரும்பச்சைத் தடித்த இலைச் செடி அடியில் அழுகி நாறியது. உங்கள் முகம்தான் கண்முன்னால் வந்து நின்றது. என் பெண்ணைக் கட்டிக்கொண்டவர் நம்பி ஒப்படைத்த ஒரே பொருள். மீன்கடைக்காரரிடம் அந்தச் செடியையே எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வேர் மண்ணுக்குள்ள போகலாம் சார், இந்தத் தண்டைப் புதைக்கக் கூடாது. தொட்டிக்குள்ள ஒரு மரக்கட்டையில நூல் போட்டுக் கட்டி விடுங்க," என்றார். அழுகினதை நறுக்கியும் கொடுத்தார். மற்ற இலைகள் கரைவதைக் கேட்டதற்கு, இடம் மாறினால் பழைய இலை போகும், வேர் பிடித்தால் புதிது வரும் என்றார். அதுவரை நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"சும்மா இருக்கணும். உங்களால முடியுமான்னு தெரியலை."

முடிந்தது மாப்பிள்ளை, பதினோரு நாள் சும்மா இருந்தேன். இன்று காலை விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன், இலைக்கு இலை குண்டூசித் தலை அளவில் வெள்ளிக் குமிழ்கள். ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு சரம் சரமாக மேலே போகின்றன. செடி மூச்சு விடுவதை அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். சிலிண்டர் போட வந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அவரும் குனிந்து பார்த்தவர், கையெழுத்து வாங்க மறந்து போய், பாதிப் படியிறங்கித் திரும்பி வந்தார். அந்தப் பரபரப்பு ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். பயந்துகொண்டு தொடங்கினேன், இப்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருக்கிறது. எல்லாம் இந்த இரண்டு கையால் நட்டது.

அடுத்த மாதம் வந்து தொட்டியை எடுத்துப் போங்கள். எனக்கு மனசு கேட்காதுதான். ஆனால் கூடத்தில் எப்போதும் ஈரம் என்று உங்கள் அத்தை சலித்துக்கொள்கிறாள். தொட்டி எப்போது கிளம்பும் என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி, வேர் பிடித்த செடிபோல் போன இடத்தில் தழைக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உங்கள் மாமனார்.

பி.கு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுவது. முகவரி எழுதச் சொல்லி இதை என்னிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார், படித்துவிட்டேன். பிடுங்கியது வரைக்கும் உண்மை. மீனைக் காணோம் என்றதிலிருந்து அவர் தொட்டிக்குள் கை விடவே இல்லை. நட்டது அத்தனையும் நான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து "இடது பக்கம், இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வலது பக்கம்தான் நட்டேன், அங்கேதான் வெளிச்சம் விழுகிறது. இதை அவரிடம் கேட்டுவிடாதீர்கள், தானே நட்டதாக நிஜமாகவே நம்ப ஆரம்பித்துவிட்டார். அப்புறம், ஈரம் என்று சலித்துக்கொண்டதும் அவர்தான். தாராளமாக வாருங்கள், பத்து நாள் இருங்கள். தொட்டி எங்கேயும் வராது. வேண்டுமானால் உங்களுக்கு நாலு கிளை நறுக்கித் தருகிறேன். வரும்போது செடி நடுகிற நீள இடுக்கி ஒன்று வாங்கி வாருங்கள். அவருக்கும் கற்றுக்கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.