போஞ்சிக்குப் பெரட்டு வைத்தவர்

ஆட்களுக்குப் பெரட்டு வைத்தவர்கள் இந்த இலங்கை மலைநாட்டில் எத்தனையோ பேர். கரட்டுக்கும் லீக்ஸுக்கும் பெரட்டு வைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். உடப்புசல்லாவைப் பக்கத்தில் எங்களுக்கு அடுத்த லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறார். பெரட்டு மாமா என்றால் போதும். பெற்றோர் வைத்த பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார்.

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. வேலையை முடித்தவருக்கு அன்றைக்கு ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைத்தவருக்கு அரைப்பேர். கங்காணியாக இருந்த காலமெல்லாம் மாமா இப்படிப் பேர் போட்டே வாழ்ந்தவர். ஓய்வுபெற்ற மறுநாள் எழுந்து பார்த்தால் கூப்பிட ஆளில்லை. லயத்துக்குப் பின்னால் கரட் பாத்திதான் இருந்தது. அதைக் கூப்பிட்டார்.

நான் தோட்டப் பாடசாலையில் மாஸ்டர். பல் துலக்கிக்கொண்டே இந்தக் கூத்தைத் தினமும் பார்ப்பேன். மாமா காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டியபடி பாத்தி பாத்தியாக நடப்பார். வாடி நிற்கும் லீக்ஸுக்கு அரைப்பேர் விழும். தலை கட்டாத கோவா என்கிற முட்டைக்கோஸ் ஒன்றை ஒருநாள் வேலையை விட்டு நிறுத்துவதாக அறிவித்தார். அன்று மத்தியானம் அதையே கறி வைத்துச் சாப்பிட்டார்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்ததெல்லாம் வெயில் காலம் வரும்வரைதான். எங்கள் காய்கறித் துண்டு நிலங்களுக்கெல்லாம் மேலேயிருந்து வரும் ஓடை ஒன்றே கதி. மழை நின்றதும் வீட்டுக்கு ஒரு பைப்பை அதில் சொருகுவோம். மேலே சொருகியவருக்குத் தண்ணீர், கீழே சொருகியவருக்குக் காற்றும் சண்டையும். ஒருநாள் விடியும்போது பார்த்தால், எல்லாப் பைப்பையும் பிடுங்கிச் சுருட்டி அதன்மேல் மாமா உட்கார்ந்திருக்கிறார். ஊரே திட்டியது. அவர் அசையவில்லை.

"இனிமே தண்ணிக்கும் பெரட்டுதான். பேர் கூப்புட்டவங்க மட்டும் தெறங்க" என்றார்.

ஆளாளுக்கு வைத்திருந்த பைப்புகளுக்குப் பதிலாகப் பெரிய பைப்பு ஒன்று மேலேயிருந்து இறங்கியது. அதன் நுனியில் சுழன்று தெளிக்கும் ஸ்பிரிங்ளரை முறை வைத்து வீடு வீடாக நகர்த்தினோம். முறை தவறித் திறந்தால் அரைப்பேர். சம்பளமே இல்லாத இடத்தில் அரைப்பேர் விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். விழுந்தவர் வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்காது.

தண்ணீர் வந்த தைரியத்தில் எல்லோரும் பீன்ஸ் என்கிற போஞ்சி போட்டோம். எங்கள் லயத்துச் செல்லம்மா அக்கா மழைக்கு ஒழுகும் கூரைத் தகரத்தை மாற்ற இந்தப் போஞ்சியைத்தான் நம்பியிருந்தார். காய் பறிக்கிற காலையில் மாமா கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்து பெண்களை வரிசையாக நிறுத்தினார்.

"முத்தல் ஒண்ணுகூட வரக்கூடாது. கொழுந்தாப் பாத்து எடுங்க."

ஆயுசு முழுக்கச் சொன்ன உத்தரவு வாயில் தானாக வந்துவிட்டது. கேட்டவர்களோ ஆயுசு முழுக்கத் தேயிலைக் கொழுந்து எடுத்த பெண்கள். பருத்த காயையெல்லாம் முற்றிய இலை மாதிரி செடியிலேயே விட்டுவிட்டு, விரல் தடிப்புக்கூட இல்லாத பிஞ்சுகளாகக் கிள்ளிச் சாக்கில் நிரப்பினார்கள். எல்லாம் ஒரே அளவு. பார்க்க அவ்வளவு அழகு.

சந்தைக்குக் காய் ஏற்ற வரும் லொறிக்கார முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, சாக்குக்குள் கையை விட்டார். "மாமா, இது போஞ்சியா தேயிலையா?" என்று கேட்டுவிட்டு லொறியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. இது நிறுவைக்கும் நிற்காது, சந்தையில் ஒருவரும் தொடமாட்டார்கள், இதற்காக இந்த மலை ஏறி இனி வரமுடியாது என்று சொல்லிவிட்டு வெறும் லொறியோடு இறங்கிப் போனார். எங்கள் மலைக்கு வருவது அந்த ஒரு லொறிதான். செல்லம்மா அக்கா கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

மாமா சாக்கிலிருந்து ஒரு பிஞ்சை எடுத்துப் பார்த்தார். "நான் சொன்னதத்தானே செஞ்சாங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அடுத்த நிமிடம் என் தலையில் ஒரு சாக்கு, அவர் தலையில் ஒரு சாக்கு, நுவரெலியா பஸ்ஸில் இருவரும்.

ஹோட்டல் ஹோட்டலாகப் பின்வாசலில் ஏறி இறங்கினோம். மாமாவின் சிங்களம் என்பது ஐயா என்பதற்கான 'மாத்தயா' என்ற ஒரு சொல்லும், அதற்குப் பிறகு சத்தமாகப் பேசும் தமிழும்தான். ஒரு காவலாளி எங்களை விரட்டினார். இன்னொருவர் தண்ணீர் கொடுத்து விரட்டினார். கடைசியில் ஒரு சமையல்காரர் வெளியே வந்து, ஒரு காயை எடுத்து ஒடித்துப் பார்த்து, கடித்தும் பார்த்தார். வெளிநாட்டு விருந்தாளிகள் இப்படிப் பிஞ்சைத்தான் கேட்கிறார்கள் என்றார். ஆனால் வாராவாரம் இதே அளவில், வெயில் காலத்திலும் தரமுடியுமா என்று சந்தேகமாகக் கேட்டார்.

நான் தமிழில் சொன்னதும் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க பொம்பளைங்க கை கொழுந்து எடுத்த கைன்னு சொல்லுங்க மாஸ்டர். தண்ணிக்கும் நம்மகிட்ட பெரட்டு இருக்குன்னு சொல்லுங்க."

சொன்னேன். ஹோட்டல் வேன் எங்கள் மலை ஏறியது. சங்கதி கேள்விப்பட்டு, செடியில் விட்ட பருத்த காயை எடுக்க லொறிக்கார நானாவும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். செல்லம்மா அக்கா வீட்டில் இப்போது புதுத் தகரம்.

முதல் வேன் வந்த காலையிலும் மாமா பெரட்டு வைத்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எல்லோருக்கும் முழுப்பேர் போட்டார். கடைசியில் நாங்கள் கேட்டேயிராத ஒரு பெயரைக் கூப்பிட்டார். அது அவருடைய சொந்தப் பெயர். தப்பான உத்தரவு கொடுத்ததால் அவனுக்கு அரைப்பேர் என்றார்.

செல்லம்மா அக்கா வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்தார். "இத்தன காலம் எங்களுக்கு நீங்க பேர் போட்டீங்க மாமா. இன்னைக்கு உங்களுக்கு நாங்க போடுறோம். முழுப்பேரு."

மாமாவோ, நன்றாகச் சுழன்றுகொண்டிருந்த ஸ்பிரிங்ளரைச் சரிசெய்யப் போய்க் கோட்டோடு நனைந்தார். அடுத்த நாள் பல் துலக்குவதைத் தள்ளிவைத்துவிட்டு முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்றேன். இன்றைக்கும் நிற்கிறேன். அந்தக் குரல் என் பெயரைக் கூப்பிட்டால்தான் எனக்கு விடிந்த மாதிரி இருக்கிறது.