மூன்றாம் வரிசை, சுவரோரம்

ஆலயத்தின் மூன்றாம் வரிசையில், சுவரோரமாக, மின்விசிறிக்கு நேர் கீழே யாரோ உட்கார்ந்திருந்தார்.

டிரைவிங் மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடமாக அது அவருடைய இடம். அந்தப் பெஞ்சுப் பலகையில் அவர் அகலத்துக்கு மட்டும் பாலிஷ் தேய்ந்திருக்கும். கல்யாணமான புதிதில் முதல் முறை இந்த ஆலயத்துக்குத் தாமதமாக வந்து, நிற்கக்கூட இடமில்லாமல் விழித்தபோது, கூட்டத்துக்கு நடுவில் அந்த இடம் திடீரென்று காலியானது. "கர்த்தரே எனக்குக் காட்டின இடம்" என்று சபை முன்னால் மூன்று தடவை சாட்சி சொல்லியிருக்கிறார்.

அங்கேதான் இப்போது தலை நரைத்த ஓர் ஆசாமி.

மாஸ்டர் பக்கத்தில் போய் நின்று இருமினார். பலமாக இருமினார். அந்த ஆள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். சட்டைப் பையைத் துழாவி ஓர் இருமல் மிட்டாயை எடுத்து நீட்டினார்.

மாஸ்டர் நான்காம் வரிசையில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தார். பிரசங்கம் காதில் ஏறவில்லை. நற்கருணை நேரத்தில் அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள், அவர் மட்டும் அசையவில்லை.

பக்கத்து அறையில் ஞாயிறு பள்ளி நடத்துகிற மனைவிக்கு, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் செய்தி எட்டிவிட்டது.

"நற்கருணை எடுக்கலையாமே? இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நீங்க விட்டதில்லையே!"

"மனசு கொதிக்குது. இதோட போய் எப்படி எடுக்கறது?"

"ஒரு பெஞ்சுக்கா இவ்வளவு?"

"பெஞ்சு இல்லடி. என் இடம்!"

"சரி, அடுத்த மாசமாவது எடுத்துடுங்க. எனக்கு மனசு கேக்கல."

அவருக்கும் கேட்கவில்லைதான். உள்ளூர ஒரு பயமும் இருந்தது. அடுத்த நற்கருணைக்குள் இடத்தை மீட்டுவிட்டால் கோபம் தானாகப் போய்விடும் என்று கணக்குப் போட்டார். முதலில் ஆலயப் பணியாளரைப் பிடித்தார்.

"யாருய்யா அந்தப் புது ஆளு?"

"புது ஆளா? அப்படி யாரும் வரலையே மாஸ்டர்."

"உனக்குக் கண்ணு போயிடுச்சா?" என்று சீறியவர், அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

இரண்டாவது வாரம் ஒரு தந்திரம் செய்தார். ஆராதனைக்கு முன்பே போய்த் தன் வேதாகமத்தைப் பலகையில் வைத்துவிட்டு வண்டியை நிறுத்தப் போனார். திரும்பி வந்தால், அந்த ஆள் அதை மடியில் விரித்து வாசித்துக்கொண்டிருக்கிறார்! போகும்போது இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல பெரிய எழுத்து தம்பி. ரொம்ப உபகாரம்."

மூன்றாவது வாரம் ஒரு மணி நேரம் முன்னால் போனார். வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கதவு திறந்தது. திறந்தவர் அதே ஆள். ஜன்னல்களையெல்லாம் திறந்து, பலகைகளைத் துடைத்து முடித்திருந்தார். மாஸ்டரை வாய் நிறைய வரவேற்றுவிட்டு, நேரே போய் அந்த இடத்திலேயே உட்கார்ந்தார்.

அந்த வாரம் முழுவதும் மாஸ்டரிடம் வண்டி பழகியவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பிவிட்டாள்.

"பின்னாடி யார் இருக்கான்னு பாக்கத் தெரியாதவங்களுக்கு எதுக்கு வண்டி?" என்று மாஸ்டர் கத்திய கத்தலில், அந்த அம்மாள் நடுரோட்டில் வண்டியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி நடந்துவிட்டாள். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் மாஸ்டரை வாழ்த்தோ வாழ்த்தென்று வாழ்த்தின.

நான்காவது வாரம் அவர் செய்த காரியத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வேத பாடம் வாசிக்கும்போது நைசாக எழுந்து போய் அந்த மின்விசிறியை அணைத்துவிட்டு வந்தார். வேர்த்தால் எழுந்து போவான் என்று எண்ணம். ஆனால் அந்த ஒரு சுவிட்சில் நான்கு மின்விசிறிகள். நாலைந்து வரிசைகள் வெந்து போயின. மாஸ்டருக்குத்தான் முதலில் சட்டை நனைந்தது. முன்னால் இருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். ஐயோ பாவம் என்று ஆராதனைத் தாளை மடித்து, பிரசங்கம் முடியும்வரை மாஸ்டருக்கு விசிறினார்.

சாட்டையால் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

ஐந்தாவது வாரம், நற்கருணை ஞாயிறு. கிளம்பும்போதே மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்காவது சமாதானமா இருங்க."

"இன்னைக்குச் சமாதானம் பண்ணிட்டுத்தான் மறுவேலை."

போதகர் பீடத்தின் முன் நின்றார். "உங்க சகோதரனோட ஏதாவது மனத்தாங்கல் இருந்தா, இப்பவே போய் ஒப்புரவாகிட்டு வாங்க. ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லிக்குங்க."

ஆர்கன் முழங்கியது. ஜனங்கள் இப்படியும் அப்படியும் திரும்பிக் கைகொடுத்தார்கள். மாஸ்டர் வழக்கமாக முன்வரிசைக்கும் இடப்பக்கத்துக்கும் மட்டும் கைகொடுத்து முடித்துவிடுவார். இன்று எழுந்து நேராக மூன்றாம் வரிசைக்குப் போனார். மெல்லிய குரலில்தான் ஆரம்பித்தார். அந்த ஆள் காதோரம் கையைக் குவித்து, புரியாமல் சிரித்தார். மாஸ்டர் குரலை உயர்த்தினார். அதற்கும் சிரிப்புதான். பொறுமை போய்த் தொண்டை கிழியக் கத்தினார்.

"இருபத்திரண்டு வருஷமா இது என் இடம்! நேத்து வந்த புது ஆளு நீங்க! எழுந்திருங்க!"

ஆர்கன் அந்த நொடியில்தானா நிற்க வேண்டும்? ஆலயம் முழுக்கத் திரும்பியது.

அந்த ஆளின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு எழுந்தார். பலகையைக் கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்துவிட்டார். தட்டுத் தடுமாறாமல், பழகிய வீட்டில் நடப்பதுபோல, நான்காம் வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மாஸ்டர் உட்கார்ந்தார். தேய்ந்த பலகை, மின்விசிறிக் காற்று, எல்லாம் பழையபடி இருந்தது. நிம்மதியாக மூச்சுவிட்டு, நற்கருணைக்கு எழுந்திருக்கத் தயாரானார்.

ஆலயப் பணியாளர் விறுவிறுவென்று வந்து அவர் காதருகே குனிந்தார். நான்கு வாரத்துக் கோபம் அவருக்கும் இருந்தது.

"காது மந்தமாயிட்டதால போன மாசந்தான் முன்னாடி வந்தார். அவரையா புது ஆளுன்னீங்க? முதல் நாள் நீங்க இடமில்லாம முழிச்சப்போ எழுந்து உங்களுக்கு இந்த இடத்தைக் கொடுத்துட்டு, இருபத்திரண்டு வருஷமா உங்களுக்கு நேர் பின்னாடியே உட்கார்ந்திருந்தவர் அவர், மாஸ்டர்!"