முள்ளம்பன்றியும் உறுமாத பெட்டியும்

ஒரு காட்டில் நீதிக்குப் பஞ்சமே இல்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம். காடு முழுவதற்கும் ஒரே குளம். கோடை வந்துவிட்டால் அதன் வடகரை சேறாகிவிடும். தென்கரையில் மட்டும் நீர் நிற்கும். முயலும் மானும் முள்ளம்பன்றியும் அங்கேதான் முட்டி மோதிக் குடித்துப் பிழைத்துவந்தன.

அக்காட்டை ஆண்டவர் கண்டீரவன் என்னும் சிங்கம். முதுமையில் அவருடைய பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன; கர்ஜனையும் அவற்றோடு புறப்பட்டுப் போயிற்று. மிஞ்சியது சளி பிடித்த பூனையின் குரல். குரல் சிறியதாயினும் சொல் தெளிவாக இருந்தது. அதுதான் கேடு. அவர் ஆணையிட்டால் குடிகளுக்கு விளங்கியது. விளங்கியதால் கேள்வி கேட்டன. குடிகள் கேள்வி கேட்பது அரசனின் செரிமானத்துக்கு ஆகாது என்பதைக் கற்றோர் அறிவர்.

அதே காட்டில் வேலாயுதம் என்றொரு முள்ளம்பன்றி கிடார் வாசித்துவந்தான். காட்டு விடுதியில் தங்கிய கல்லூரி மாணவர்கள், யானை எட்டிப் பார்த்த அன்று கிடாரையும் அதன் ஆம்ப்ளிஃபையரையும் போட்டது போட்டபடி விட்டு ஓடிவிட்டார்கள். மின்சாரத்துக்கு விடுதிக் கூரையில் சூரியத் தகடு இருந்தது. தந்தியை மீட்ட வேலாயுதம் தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கிக்கொள்வான். இயற்கை அவனுக்கு எல்லாவற்றையும் அளித்திருந்தது, தாளம் ஒன்றைத் தவிர.

ஆம்ப்ளிஃபையரோ டிரான்சிஸ்டர் வகையைச் சேர்ந்தது. வால்வு பதித்த பழைய பெட்டிகள் சற்றுச் சூடேறினால் தாமாகவே கரகரக்கும். அந்தக் கரகரப்பைத்தான் உலகம் உறுமல் என்று கொண்டாடுகிறது. இந்தப் பெட்டி உண்மை விளம்பி. உள்ளே சென்றது எதுவோ அதுவே வெளியே வரும். வேலாயுதம் ஒரு தந்தியைத் தவறாகத் தொட்டால் அந்தத் தவற்றைக் கழுவித் துடைத்துப் பொட்டிட்டுக் காடு முழுவதும் ஊர்வலம் விடும்.

ஒருநாள் அரசர் அவனை அழைத்தார்.

“அண்டைக் காட்டு அரசவையில் ஒரு கிடார் உறுமுகிறதாம். நம் முடிசூட்டு ஆண்டு விழாவில் உன் பெட்டியும் உறுமட்டும். உறுமினால் நீ ஆஸ்தான வித்துவான்.”

“உறுமாவிட்டால், அரசே?”

அரசர் சமையற்கட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினார். அரண்மனைச் சமையற்காரக் கரடி முன்னே வந்து வேலாயுதத்தைச் சுற்றிப் பார்த்தது. “முள்ளை எடுத்துட்டா எவ்வளவு தேறும்னு பாக்கறேன். கொஞ்சம் திரும்பு தம்பி. ம், குழம்புக்கு ஆகும்.”

வேலாயுதம் விடுதிக்குத் திரும்பியதும் அறிவற்றோர் அனைவரும் முதலில் செய்வதைச் செய்தான். வால்யூமைக் கடைசிவரை திருகினான். பெட்டி அலறியது, உறுமவில்லை. பக்கத்து வளையிலிருந்து முயல் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தது. “யோவ் வேலாயுதம்! நீ தப்பு தப்பா வாசிக்கிறது இவ்வளவு நாளா எங்க தெருவுக்கு மட்டும் தெரிஞ்சுது. இப்போ மலைக்கு அந்தப் பக்கமும் தெரியுது!”

அடுத்து, பல கலை கற்ற ஆந்தை ஞானசிகாமணியிடம் சென்றான்.

“டிரான்சிஸ்டர் சத்தியசந்தமான பொருள். அதைப் பொய் சொல்லத் தூண்டாதே,” என்றது ஆந்தை. “வால்வு பெட்டி ஒன்றைத் தேடிக்கொள். அன்றேல் பிழையின்றி வாசிக்கக் கற்றுக்கொள். பத்து ஆண்டுகள் போதும்.”

“ஐயா, விழா இந்த வாரம்.”

“அப்படியானால் பொய்க்குத் துணைபோகாமல் குழம்பானோம் என்ற மனநிறைவாவது எஞ்சும்.” நல்லுரை வழங்கியோர்க்கு வழக்கமாக நேர்வதுபோல ஆந்தைக்கு உடனே கண் செருகியது.

விடுதி வாசலில் சோர்ந்து அமர்ந்திருந்தவனைக் கூரையிலிருந்து பார்த்தாள் மந்தி செங்கமலம். சுற்றுலா வருவோரின் பைகளை இலகுவாக்குவது அவள் தொழில். அடக்கம் அவள் அறியாத பண்பு.

“ஏண்டா வேலு, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்கே? பெட்டி மேல தப்பில்ல. அது யோக்கியமாப் பொறந்துடுச்சு. ஒரு கெட்ட சகவாசம் சேத்து வெச்சா எல்லாம் சரியாயிடும். இந்தக் காட்டுல என்னை விட்டா உனக்கு யாரு?”

மரப்பொந்திலிருந்து கறுப்புக் கண்ணாடிகளையும் சார்ஜர்களையும் வாரி எறிந்துவிட்டுச் சின்ன இரும்புப் பெட்டி ஒன்றை எடுத்தாள். காலால் மிதித்தால் ஒலியைச் சிதைத்துக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் பெடல் அது. கிடாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே அதைச் சொருகினாள்.

“இப்போ வால்யூமக் குறை.”

“குறைக்கணுமா, அக்கா?”

“சொல்றதச் செய். வால்யூம் வெளிய போற சத்தம். அத ஏத்தினா கத்தும், கெடாது. கெயின் உள்ள நுழையற சத்தம். தேர்த் திருவிழாக் கூட்டத்தைச் சந்து வழியா விட்டா எப்படி வரும்? தலை நசுங்கி, வேட்டி கிழிஞ்சு வரும்ல? அந்த மாதிரி. கெயின முக்காலுக்கு ஏத்து. மிச்சத்த ஆபத்துக்கு வெச்சுக்க. கீச்சுக் குரலக் கொஞ்சம் குறை. இப்போ மீட்டு.”

மீட்டினான். பெட்டி உறுமியது. மரங்கொத்தி மரத்தை விட்டு விழுந்தது. வேலாயுதம் தவறாக வாசித்தான்; யாருக்கும் தெரியவில்லை. வேண்டுமென்றே தவறாக வாசித்தான், முயல் தலையை ஆட்டி, “இப்பத்தான்யா உன் கையில கலை வந்திருக்கு!” என்றது.

விழா நாளில் காடே கூடியிருந்தது. மேடையோரத்தில் அடுப்பு மூட்டி, பானையை ஏற்றி, கரடி காத்திருந்தது. வேலாயுதம் மீட்டிய முதல் உறுமலுக்கே கூட்டம் எழுந்து ஆடியது. கரடி பெருமூச்செறிந்து பானையை மூடியது.

அடுத்து அரசர் உரை. அமைச்சர் நரி கிடாரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அரசரின் மைக்கை அதே பெடலில் சொருகியது. நரி அறியாமல் செய்ததா, அறிந்து செய்ததா என்ற ஐயம் நரியை அறியாதவர்க்கே எழும்.

அரசரின் அருகிலேயே நின்றதால் வேலாயுதத்தின் செவியில் மட்டும் அந்தப் பூனைக்குரல் நேராக விழுந்தது: “நாளை முதல் குளத்தின் தென்கரை அரச குடும்பத்துக்கும் அரண்மனை ஊழியர்க்கும் மட்டுமே உரியது. ஏனையோர் வடகரையில் அருந்துக.”

பெட்டியிலிருந்து வெளிவந்ததோ, மலை சரிவதுபோன்ற ஓர் உறுமல். கூட்டத்தின் கைதட்டல் வானைப் பிளந்தது.

“ஒன்ஸ்மோர்!” என்று கத்தியது மான்.

ஆண்டுக்கணக்கில் ஆணையிட்டும் இப்படியொரு வரவேற்பைக் காணாத அரசருக்குக் கண் கலங்கிற்று. முழு ஆணையையும் முதலிலிருந்து மீண்டும் தொடங்கினார்.

“என்ன சொல்கிறார்? ஒரு சொல்லும் விளங்கவில்லையே!” என்றது ஆந்தை.

“பெரியவரே, சும்மா இருங்க. இது புரியறதுக்கு இல்ல, அனுபவிக்கறதுக்கு,” என்றது முயல்.

ஆந்தை மேடையை நோக்கிக் குரல் கொடுத்தது. “வேலாயுதம்! கெயினைக் குறை. ஒரு வாக்கியமாவது காதில் விழட்டும்!”

வேலாயுதத்தின் கை பெடலின் கெயின் குமிழின்மேல் சென்றது. இடப்புறம் சற்றே திருகினால் போதும். பெட்டி தன் பிறவிக் குணத்துக்குத் திரும்பிவிடும். காடு தன் தண்ணீரைக் காத்துக்கொள்ளும். முன்வரிசையில் மான் தன் குட்டியைத் தோளில் தூக்கி வைத்திருந்தது. அடுப்பருகே கரடி, பானையின் மூடியை மெல்லத் திறந்து, அவனைப் பார்த்துப் புன்னகைத்தது.

ஆபத்துக்கென்று வைத்திருந்த மிச்சம் அப்போது அவன் நினைவுக்கு வந்தது. குமிழை வலப்புறம் கடைசிவரை திருகினான்.

மறுநாள் காலையில் தென்கரைக்குச் சென்ற மானை ஓநாய்க் காவலர் தடுத்தனர்.

“வடகரைக்குப் போ.”

“இது என்ன அநியாயம்? யாரு எங்ககிட்ட சொன்னா?”

“நேத்து விழாவுல ராஜாவே சொன்னாரே. உனக்கு ஒரு தடவை போதாம ஒன்ஸ்மோர் வேற கேட்டியே! ரெண்டாவது தடவையும் சொன்னாரே!”

மான் சேற்றுப் பக்கம் நடந்தது. தென்கரையில் ஆஸ்தான வித்துவான் வேலாயுதம், அரண்மனை ஊழியன் என்ற உரிமையோடு நீர் அருந்திக்கொண்டிருந்தான். தண்ணீர் அன்று மிகவும் தெளிவாக இருந்தது.

ஞானசிகாமணி மட்டும் மரத்துக்கு மரம் பறந்து, ஆணையின் பொருளைத் தெள்ளத் தெளிவாக எடுத்துரைத்தது. எல்லோருக்கும் விளங்கியது, அரசருக்கும் விளங்கியது. ஏற்றிய பானையை வீணாக இறக்கும் வழக்கம் அந்தக் கரடியிடம் இல்லை.

நீதி: வாய்மையே வெல்லும், ஆகையால் வால்யூமைக் குறைத்து, கெயினைக் கூட்டி வை.