அக்கா எங்கே சார்?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். இனி என் வீட்டில் விண்வெளியைப் பற்றி நான் ஒருவன்தான் பேசுவேன்.

எடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. என் முடிவுகள் எல்லாமே எடுக்கும்போது நன்றாகத்தான் இருக்கும்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் வேலுசாமி. பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் வேலை. வாரமெல்லாம் அட்டைப்பெட்டி, வாரக் கடைசியில் ஆகாயம். அதாவது, யூடியூபில் 'வாராவாரம் வானம்' என்று ஒரு சேனல் நடத்துகிறேன். அந்த வாரம் எந்த ராக்கெட் போனது, எது போகாமல் நின்றது, எது போன வேகத்திலேயே திரும்பி வந்தது என்று தொகுத்துச் சொல்வேன். நேயர்கள் அதிகமில்லை. எல்லோரையும் ஒரு மினி பஸ்ஸில் ஏற்றிவிடலாம். படிக்கட்டில் யாரும் தொங்க வேண்டியிருக்காது.

ஊர் உலகத்தில் ராக்கெட்டைத்தான் ஏவுவார்கள். எங்கள் வீட்டில் ஏவுகிறவள் என் மனைவி ரேணுகா, ஏவப்படுகிறவன் நான். ஆவடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் அடிக்கிற வேலை அவளுக்கு. அடிக்கிற ரிப்போர்ட்டிலும் பிழை இருக்காது, பேசுகிற பேச்சிலும் பிழை இருக்காது. அதுதான் தொல்லை.

முதல் நாள் சனிக்கிழமை மாலை ஒரு வெளிநாட்டு ராக்கெட்டைப் பற்றிப் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தேன். எரிபொருள் கசிவால் அது திரும்பத் திரும்பத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நான் மைக்கை நெருங்கி, கனமான குரலில், "கசிவுக்கான காரணத்தை விஞ்ஞானிகள் தீவிரமாக ஆராய்ந்து வருகிறார்கள்" என்றேன்.

பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ரேணுகா சொன்னாள்: "கேஸ் கசியுதுன்னா முதல்ல ரெகுலேட்டரை மூடணும். பத்த வைக்கலாமா வேணாமான்னு இத்தனை நாளா யோசிப்பாங்க? அந்த வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா?"

அந்த இடத்தை வெட்டிவிடத்தான் நினைத்தேன். அதற்குள் கொத்தமல்லி வாங்கிவர அனுப்பிவிட்டாள். திரும்பி வந்தவன் மறந்துபோய் அப்படியே ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலையில் கமெண்டுகளைத் திறந்தேன். வழக்கமாக "அருமை சார்" என்று ஒன்று இருக்கும். கைகூப்பிய பொம்மை ஒன்று இருக்கும். ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவு என்கிற பெரியவர், "சத்தம் குறைவு" என்று எழுதியிருப்பார். அன்றைக்குப் பக்கம் நீண்டுகொண்டே போனது.

"சார், ரெகுலேட்டரை மூடச் சொன்ன அந்த அக்கா யாரு?" பூந்தமல்லியில் நர்சிங் படிக்கிற சபீனா கேட்டிருந்தாள்.

"பெரியவர்கள் இல்லையா என்று அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. விஞ்ஞானிகள் பதில் சொல்ல வேண்டும்." இது அப்பாவு.

"சார் பேசும்போது தூங்கிட்டேன். அக்கா பேசினதும் எழுந்து உக்காந்துட்டேன்." இதை எழுதியவர் பெயரைச் சொல்ல விரும்பவில்லை.

ஒரு வாரம் முழுக்க அகராதியை வைத்துக்கொண்டு படித்துத் தயாரித்தவன் நான். அவள் துணி எடுத்துக்கொண்டே பேசியவள். எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். அப்போதுதான் பல் தேய்க்கப் போனேன், அந்த முடிவையும் எடுத்தேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். ரேணுகா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ரேணு, நேயர்கள் கொஞ்சம் வருத்தப்படறாங்க."

"எதுக்கு?"

"பின்னாடி யாரோ பேசற சத்தம் கேக்குதாம். கவனம் சிதறுதாம்."

"யாரு சொன்னா?"

வாயில் வந்த பெயரைச் சொன்னேன். "அப்பாவுன்னு ஒரு பெரியவர்."

கீரை ஆய்கிற கை நின்றது. "அவ்வளவு தெளிவாவா கேட்டுச்சு?"

"ரொம்ப."

"சரிங்க. இனிமே பேசலை."

சண்டைக்கு வருவாள் என்று எண்ணி நாலைந்து பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போனது. அப்போதே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் ஜெயித்தவன் உடனே வருத்தப்படக்கூடாது என்று காப்பி கேட்டேன். கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை நான் மைக்கை எடுத்ததுமே அவள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போனை ஊமையாக்கினாள். அந்தப் புழுக்கத்தில் மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டாள். ஒரு ஈ பறந்தால் கேட்கும். அப்படியொரு சுத்தமான பதிவு அதுவரை வந்ததில்லை. நானே கேட்டுப் பார்த்தேன். எனக்கே தூக்கம் வந்தது.

ஞாயிறு காலையில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். "அக்கா எங்கே சார்?"

நான்தான் பேசவேண்டாம் என்றேன் என்று எழுத முடியுமா? "அக்கா ஊருக்குப் போயிருக்காங்க" என்று பதில் போட்டேன். சின்னப் பொய். ஒரு வாரம் தாங்கும் என்று நினைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் சபீனா எழுதினாள்: "சார், மேலே போன ராக்கெட்டே திரும்பி வந்து கிளம்பின இடத்துல நிக்குதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அக்கா ஏன் இன்னும் வரலை?"

"தம்பி, குடும்பம்னா முன்னே பின்னே இருக்கும். விட்டுக் கொடுங்க. முதல்ல போன் பண்ணிப் பேசுங்க." அப்பாவு.

எனக்கு அந்த வாரம் ஜலதோஷம். "சார் குரல் உடைஞ்சு போயிருக்கு, ராத்திரியெல்லாம் அழுதிருப்பார் போல" என்று ஒருவர். நான் செவ்வாய்க்குப் போகிற விண்கலத்தைப் பற்றி விளக்கியிருந்தேன். கீழே ஒருவர், "செவ்வாய் தோஷமா சார்? ஜாதகம் பாக்காம கட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே பரிகாரம் சொல்லவும் ஆள் வந்துவிட்டது.

எதிர்வீட்டு ஜஸ்டின் என்னை மாடிப்படியில் மடக்கினான். ஆவடியில் செல்போன் கடை வைத்திருப்பவன். என் சேனலையும் பார்ப்பவன்.

"இன்னா சார், அக்கா காலைலதான் எங்க ஊட்டாண்ட நின்னு பேசிகினு இருந்துச்சு. நீ இன்னான்னா ஊருக்குப் பூட்சின்னு போட்டுக்கிறே?"

"மெதுவாப் பேசு ஜஸ்டின்."

"நான் கம்முனு கீறேன். ஆனா அப்பாவுன்னு ஒருத்தர் எழுதறாரே, அவரோட ஊட்டுக்காரம்மா நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு சேரணும்னு திருவேற்காட்டுல வேண்டிகினு கீதாம். அத்தப் படிச்சியா?"

"படிச்சேன்."

"சாமி வரைக்கும் மேட்டர் போச்சு. அக்காவ ஒரு வாட்டி பேச வெச்சி ரெக்கார்டு பண்ணிப் போட்டுடு. முடிஞ்சிரும்."

நல்ல யோசனை. ஆனால் பேசு என்று நானே எப்படிக் கேட்பது? பேசாதே என்று சொன்ன வாய் அல்லவா. அதனால் அவளுக்குத் தெரியாமல் பதிவு செய்வது என்று திட்டம் போட்டேன். சனிக்கிழமை மதியம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் மைக்கை ஒளித்து வைத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தேன்.

"ரேணு, நிலாவுல தண்ணி இருக்குதாம்."

தலையை ஆட்டினாள்.

"விண்வெளி நிலையத்துல இருக்கறவங்க மாசக்கணக்கா குளிக்கவே மாட்டாங்களாம். ஈரத்துணியால துடைச்சுக்கிறதோட சரி."

என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். அவ்வளவுதான்.

"சாம்பார்ல உப்பே இல்லை."

உப்பு டப்பாவை எடுத்து, சத்தம் வராமல் என் முன்னால் வைத்தாள்.

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "உன் தங்கச்சி வீட்டுக்காரருக்கு இருக்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லைன்னு அடிக்கடி சொல்வியே. எங்கே, இப்போ சொல்லு பாப்போம்."

அவள் குனிந்து என் காதோரமாக, காற்றைவிட மெதுவாகச் சொன்னாள்: "அரிசி டப்பாவுக்குப் பின்னாடி மைக்குல லைட்டு எரியுது. நான் பேசி, அது பதிவாகி, அப்பாவு ஐயா வருத்தப்படப் போறார்."

எழுந்து போய் மைக்கை அணைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் ஏரிப் பூங்காவில் நடக்கப் போனோம். மேற்கே ஒன்று பளிச்சென்று தெரிந்தது. "அது நட்சத்திரம் இல்லை ரேணு, வெள்ளி கிரகம்" என்றேன். முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் நின்று திரும்பினார்.

"இந்தக் குரல்... தம்பி, நீங்க 'வாராவாரம் வானம்' வேலுசாமிதானே?"

சேனல் தொடங்கிய நாளிலிருந்து நான் ஏங்கிய கேள்வி. தெருவில் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மார்பை நிமிர்த்தினேன்.

"நான் அப்பாவு" என்றார்.

மார்பு தானாகவே பழைய இடத்துக்குப் போய்விட்டது.

அவர் என்னை விட்டுவிட்டு ரேணுகாவைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்கதானேம்மா அது? வந்துட்டீங்களா? நாகம்மா, இங்கே பாரு, வந்துட்டாங்க." பின்னால் வந்த அவர் மனைவி நாகம்மா, ரேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு கோபம் இருந்தாலும் வீட்டை விட்டு மட்டும் போகக்கூடாதும்மா. இவர் குரல் எப்படி ஆயிடுச்சு தெரியுமா?"

ரேணுகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அப்பாவு என்ற பெயர் புரிந்தது. அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஐயா, நான் நடுவுல பேசினது உங்களுக்குத் தொந்தரவா இருந்துச்சாமே. தெரியாமப் பேசிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

"தொந்தரவா? எனக்கா? யாரும்மா அப்படிச் சொன்னது? நீங்க மறுபடி எப்போ பேசுவீங்கன்னுதானே நாங்க வாராவாரம் பாத்துக்கிட்டிருக்கோம். நீங்க ஊருக்குப் போயிட்டதா தம்பிதான் எழுதினார்."

ரேணுகா என்னைப் பார்த்தாள். நான் ஏரியைப் பார்த்தேன். ஒரு நீர்க்காக்கை தண்ணீருக்குள் முங்கியது. கொடுத்து வைத்த பறவை.

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் அங்கேயே அம்பேல். அவள் சொல்லவில்லை. "ஆமாங்கய்யா, ஊருக்குத்தான் போயிருந்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இவர்தான் தினமும் போன் பண்ணி வரச்சொல்லிக்கிட்டே இருந்தார்" என்றாள்.

அப்பாவு என் தோளைத் தட்டினார். "நான் சொன்னபடியே போன் பண்ணியிருக்கீங்க. நல்ல பிள்ளை." அந்தத் தட்டு இன்னும் வலிக்கிறது.

பூங்காவை விட்டு வீட்டுக்கு நடந்தோம். எங்கள் தெரு முனை வந்ததும் மெல்லச் சொன்னாள்: "சனிக்கிழமையானா கொலுசைக்கூடக் கழட்டி வெச்சுட்டுத்தான் நடந்தேன்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. அந்தப் புழுக்கத்தில், சாத்திய அறைக்குள், விசிறியும் இல்லாமல் ஒருத்தி சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே நான் வெற்றிடத்தில் ஒலி பரவாது என்று உலகத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

"தப்புதான் ரேணு" என்றேன். "எல்லாரும் உன்னைத்தான் கேட்டாங்க. என்னை ஒருத்தரும் கேக்கலை. தாங்க முடியலை."

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நானே பேசாம இருந்திருப்பேனே" என்றாள்.

மாடிப்படியில் அவளை முன்னால் போகவிட்டு, நான் பின்னால் ஏறினேன்.

அடுத்த சனிக்கிழமை மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் போட்டேன். ரேணுகா தலைசீவி, கொலுசு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் செய்தியைப் படித்தேன், அவள் நடுநடுவே கேள்வி கேட்டாள். சுற்றுப்பாதையில் பழைய செயற்கைக்கோள்கள் குப்பையாக மிதக்கின்றன என்றேன். "போட்டவங்களைத்தானே அள்ளச் சொல்லணும்?" என்றாள். நானே சிரித்துவிட்டேன். பொறாமை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அதை அடக்கிவிட்டேன். இப்படி ஒரு நிகழ்ச்சியை நான் தனியாகச் செய்திருக்கவே முடியாது என்று அவளிடமே சொன்னேன்.

"நீங்க களைச்சுப் போயிட்டீங்க. ஏரிப்பக்கம் காத்தாட நடந்துட்டு வாங்க. நான் ஏத்தி வெச்சிடறேன்" என்றாள்.

என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்து, ஏரியை இன்னொரு சுற்றும் சேர்த்தே சுற்றிவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலையில் கமெண்டுகளைத் திறந்தேன். ஏகப்பட்ட வாழ்த்து. "அக்கா வந்தாச்சு" என்று சபீனா பூக்களாக அனுப்பியிருந்தாள். கீழே போகப் போகத்தான் குழப்பம். "சார், பத்திரமாப் போயிட்டு வாங்க." "சார், போற இடத்துல உடம்பைப் பாத்துக்குங்க." "பஸ்ஸா சார், ரயிலா?"

வீடியோவைக் கடைசி வரை ஓடவிட்டேன். நான் வணக்கம் சொல்லி முடித்த பிறகு ரேணுகாவின் குரல் மட்டும் தனியாக வந்தது.

"நேயர்களே, நான் ஊர்லேர்ந்து திரும்பி வந்துட்டேன். அடுத்த வாரத்துலேர்ந்து சார் ஊருக்குப் போறார். எப்போ வருவார்னு இப்ப சொல்ல முடியாது. அதுவரைக்கும் வானத்தை நான் பாத்துக்கறேன்."

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். "நான் எந்த ஊருக்குப் போறேன், ரேணு?"

"நான் போன அதே ஊருக்குத்தான்" என்று படுக்கையறைப் பக்கம் கையைக் காட்டினாள். "வேணும்னா விசிறியைப் போட்டுக்குங்க. சத்தம் மட்டும் வெளியே வரக்கூடாது."

அப்போது போனில் புதிதாக ஒரு கமெண்ட் வந்து விழுந்தது. அப்பாவு எழுதியிருந்தார்: "தம்பி, நல்லா இருந்து ஓய்வெடுத்துட்டு வாங்க. அவசரம் ஒண்ணும் இல்லை."