சிவப்புப் பாத்தியின் பசி

செட்டியார்பட்டி,
தைக் கடைசி, 1991

அன்புமிக்க மாப்பிள்ளை காளிராஜ் அவர்களுக்கு மாமன் வேல்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை பாலம்மாளும் இரண்டு பாத்திகளும் சுகம். ஊட்டியில் நீங்களும் என் மகள் அங்காளம்மாளும் சுகமாயிருக்க அய்யனார் துணை நிற்கட்டும். அவள் போன கடிதத்திலும் வழக்கம்போல ‘இங்கு எல்லாம் சௌகரியம்’ என்று ஒரே வரிதான் எழுதியிருந்தாள்.

நீங்கள் கொடுத்தனுப்பிய இரண்டு ரக உருளைக்கிழங்கு விதையையும் சொன்னபடியே கொல்லையில் ஊன்றினேன். வெள்ளைத்தோல் பாத்திக்கு மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட் உண்டு; சிவப்புத்தோல் பாத்திக்கு ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. நம் கரிசலில் மணிச்சத்து இருந்தாலும் சுண்ணாம்பு அதை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும், வெள்ளை ரகத்துக்கு நாமாகப் போட்டால்தான் உண்டு, சிவப்பு ரகமோ மெல்லிய வேர்களைப் பரப்பித் தானே தேடி எடுத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். அது இங்கே நிரூபணமானால் உங்கள் ஆராய்ச்சிப் பண்ணை ஆபீசர் இங்கே நமக்குப் பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு பண்ணை வைத்து உங்களையே அனுப்புவார் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான், ரிட்டயர் ஆகும்வரை மில்லில் நூலைத் தவிர வேறெதையும் கையால் தொட்டறியாத நான் மண்வெட்டி எடுத்தேன்.

முதலில் மயில் வந்து கிளறியது, அதை விரட்டப்போய் நான் முள்வேலியில் விழுந்தேன், தூக்கிவிட வந்த பக்கத்துத் தோட்டத்துத் தங்கச்சாமி என்னைத் தூக்காமல் பாத்தியையே பார்த்துக்கொண்டு, “ஏன் அண்ணாச்சி, குளிருல பொறந்த கிழங்கை இங்க கொண்டாந்து எதுக்கு வேகவைக்கீக? சட்டியில போட்டா சீக்கிரம் வேகுமே” என்றதோடு நில்லாமல் அதை டீக்கடையிலும் சொல்லிவிட்டான், அன்றிலிருந்து நான் அந்தப் பக்கம் டீ குடிக்கப் போவதில்லை.

அதனால் மத்தியானமெல்லாம் சிவப்புப் பாத்தி ஓரம் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுத்துவிடுகிறேன். கண் செருகும்போது மண்ணுக்குள் வேர் நடப்பது தெரியும். நூறாம் நம்பர் நூலைவிட மெல்லிசு. இருட்டில் சுண்ணாம்புக் கட்டிகளைத் தடவித்தடவி, உள்ளே கொஞ்சம் இருக்கிறதா என்று விசாரித்தபடி போகும். ஒருநாள் ஒரு வேர் அய்யனார் கோவில் ஆற்றுக்கு அடியில் புகுந்து, மலைக்குள்ளேயே ஏறி, உங்கள் வீட்டு அடுப்படியில் தலைநீட்டியது. அங்காளம்மாள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். “அப்பாவா வந்திருக்கீக?” என்று கேட்டாள். வேருக்கு வாயில்லை. விழித்த பிறகு எனக்கு அழுகையாக வந்தது.

இன்று காலை இரண்டு பாத்தியையும் தோண்டினோம். சிவப்பு வெள்ளைக்குக் கொஞ்சமும் இளைக்கவில்லை. தங்கச்சாமியே, “நெசமாத்தான் வெளைஞ்சிருக்கு” என்று சொல்லி விதைக்கு இரண்டு கிழங்கு கேட்டான். விஞ்ஞானம் ஜெயித்தது மாப்பிள்ளை. இந்தக் கடிதத்தையே ஆபீசரிடம் காட்டி உடனே மாற்றல் கேளுங்கள்.

மலைக்குளிர் உங்கள் இருவரையும் அண்டாதிருக்க வாழ்த்தும்,
மாமன் வேல்சாமி

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உங்கள் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். “ஆபீசருக்குக் காட்டச் சொல்லாதீக” என்றாள். ஏன் என்றேன்.

“பந்தியில ரெண்டு இலையைப் போட்டுட்டு ஒண்ணுக்கு மட்டும் பரிமாறுனா அந்தப் பாவம் யாருக்கு? மத்தியானம் நீங்க கட்டில்ல செத்த நேரம் கண்ணசந்த பொறவு செவப்புக்கும் ஒரு கை சூப்பர் போட்டுட்டுத்தான் வருவேன்.”

“ஏட்டி, அது கேக்காமலே வளரும்னு மாப்பிள்ளை எழுதியிருக்காரே.”

“கேக்கலைன்னா பசிக்காதா? நம்ம அங்காளும்தான் எதுவும் கேக்காம சௌகரியம், சௌகரியம்னு எழுதுதா.”

எனவே மாப்பிள்ளை, மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். பண்ணை வரும்போது வரட்டும். மகளை மட்டும் ஒரு பத்து நாள் அனுப்பிவையுங்கள். போகிறாயா என்று அவளிடம் கேட்காதீர்கள். வேண்டாம் என்றுதான் சொல்வாள். பஸ் ஏற்றிவிடுங்கள்.